துருவில் சிக்கிய நஞ்சு: பன்சன் பர்னருக்குப் பின்னால் மறைந்துபோன கண்டுபிடிப்பு

பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் நீலச் சுடரோடு எரியுமே, அந்த பர்னர் ஞாபகம் இருக்கிறதா? ராபர்ட் பன்சன் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கும் மனதில் வருவது அது மட்டும்தான். அதைத் தாண்டி அவர் யார், என்ன செய்தார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

ஆனால் அந்த பர்னர் வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, வெறும் 23 வயதில், பன்சன் இன்னொன்றைக் கண்டுபிடித்திருந்தார். அப்போதுதான் உண்டாக்கிய ஈரமான இரும்பு ஹைட்ராக்சைடு, அதாவது துருவின் நெருங்கிய சொந்தம், நீரில் கரைந்திருக்கும் ஆர்சனிக் நஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பதே அது. அன்று அது விஷ முறிவு மருந்தானது. இன்று மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் குடிநீரிலிருந்து ஆர்சனிக்கை நீக்கும் வடிகட்டிகளுக்குள் வேலை செய்வதும் அதே வேதியியல்தான்.

அந்த நஞ்சோடு பழகியதற்குப் பன்சன் கொடுத்த விலையும் சாதாரணமானது அல்ல. ஒரு கண் போனது. உயிரும் போகப் பார்த்தது.

வெள்ளைப் பொடியின் காலம்

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வெள்ளை ஆர்சனிக் என்பது கடையில் சுலபமாகக் கிடைக்கும் சரக்கு. எலியைக் கொல்ல வாங்குவார்கள். பார்ப்பதற்கு மாவு மாதிரி இருக்கும். மணம் கிடையாது, சுவையும் இல்லை என்றே சொல்லலாம். சாப்பாட்டில் கலந்துவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். சாப்பிட்டவருக்கு வாந்தியும் பேதியும் வரும். காலரா என்று நினைத்துப் புதைத்துவிடுவார்கள். சொத்துக்காக வீட்டுப் பெரியவர்களுக்கு இதைக் கொடுக்கும் வழக்கத்தால் பிரான்சில் இதற்கு 'வாரிசுப் பொடி' என்று ஒரு பட்டப்பெயரே இருந்தது.

ஜெர்மனியின் பிரேமன் நகரில் கெஷே காட்ஃப்ரீட் என்ற பெண் பெற்றோர், பிள்ளைகள், கணவர்கள், நண்பர்கள் என 15 பேரை ஆர்சனிக் கொடுத்துக் கொன்றது அந்தக் காலத்தின் பெரிய அதிர்ச்சி. எலிக்கு வைக்கும் ஆர்சனிக் கலந்த வெண்ணெய்தான் அவர் கையில் இருந்த ஆயுதம். 1831-ல் அவருக்குப் பொது இடத்தில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

உடலில் ஆர்சனிக் இருப்பதை நிச்சயமாகக் காட்டும் மார்ஷ் சோதனை 1836-ல்தான் வந்தது. விஷம் உள்ளே போய்விட்டால் கொடுக்க, நம்பத்தகுந்த மருந்து எதுவும் மருத்துவர்களிடம் இல்லை. இந்தச் சூழலில்தான் பன்சன் ஆய்வகத்துக்குள் நுழைந்தார்.

நூலகரின் மகன்

ராபர்ட் வில்ஹெல்ம் எபர்ஹார்ட் பன்சன் 1811 மார்ச் மாத இறுதியில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிறந்தார். வீட்டில் நான்கு பையன்கள், இவர்தான் கடைக்குட்டி. அப்பா கிறிஸ்டியான் பன்சன், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் தலைமை நூலகர், மொழியியல் பேராசிரியரும்கூட. புத்தகம் சூழ்ந்த வீடு.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திலேயே வேதியியல் படித்தார். அவருடைய ஆசிரியர் ஃப்ரீட்ரிக் ஸ்ட்ரோமயர் 1817-ல் காட்மியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்தவர். குடிநீரில் இருக்கவே கூடாத நச்சு உலோகங்கள் என்று இன்று போடப்படும் எந்தப் பட்டியலிலும் காட்மியத்துக்கு நிச்சயம் இடம் உண்டு. ஒரு பொருளில் எது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று துல்லியமாகப் பகுத்துப் பார்ப்பதில் ஸ்ட்ரோமயர் கெட்டிக்காரர். அந்தப் பழக்கம் மாணவருக்கும் ஒட்டிக்கொண்டது.

20 வயதை எட்டும் பருவத்திலேயே முனைவர் பட்டம் கிடைத்தது. பிறகு அரசு உதவித்தொகையோடு ஒரு நீண்ட பயணம். ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரியா என்று சுற்றினார். தொழிற்சாலைகளையும் சுரங்கங்களையும் பார்த்தார். பாரிஸில் கே-லூசாக் போன்ற பெரிய ஆட்களைச் சந்தித்தார். 1833-ல் ஊர் திரும்பி கோட்டிங்கனில் பாடம் நடத்தத் தொடங்கியபோது அவருக்கு வயது 22.

23 வயதில் கிடைத்த முறிமருந்து

அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்ப எளிமையானது. ஆர்சனிக்கின் அமிலத்தோடு எந்த உலோகம் சேர்ந்தால் நீரில் கரையாத பொருள் கிடைக்கும்? விஷம் உடம்பைத் தாக்க வேண்டுமென்றால் முதலில் அது கரைய வேண்டும். கரையாத வடிவத்துக்கு அதை மாற்றிவிட்டால், வயிற்றுக்குள் இருந்தாலும் ரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடும். அதுதான் கணக்கு.

ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு வந்தபோது இரும்பு தனித்து நின்றது. இரும்பு உப்புக் கரைசலில் காரத்தைச் சேர்த்தால் சளி போன்ற செம்பழுப்பு வீழ்படிவு அடியில் தங்கும். அந்தப் புது வீழ்படிவை ஆர்சனிக் கலந்த நீரில் போட்டுக் கலக்கி வடிகட்டினால், வடிந்துவரும் நீரில் ஆர்சனிக் இல்லை. எல்லாம் வீழ்படிவோடு தங்கிவிட்டது.

ஆய்வகக் குவளையில் நடப்பது வயிற்றுக்குள்ளும் நடக்குமா? அதைப் பார்க்க ஒரு மருத்துவரின் துணை வேண்டும். கோட்டிங்கனிலேயே இருந்த ஆர்னால்ட் அடால்ஃப் பெர்த்தோல்ட் கை கொடுத்தார். பின்னாளில் சேவல்களை வைத்துச் செய்த சோதனைகளால் ஹார்மோன் ஆராய்ச்சியின் முன்னோடி என்று பெயர் வாங்கப்போகிறவர் இவர். இருவரும் விலங்குகளிடம் சோதித்தார்கள். ஆர்சனிக் உள்ளே போனதும், இந்த ஈர இரும்பு மருந்தைத் தாராளமாகக் கொடுத்தால் விலங்கு பிழைத்துக்கொண்டது.

1834-ல் இருவரும் சேர்ந்து ஒரு சிறு நூலாக இதை வெளியிட்டார்கள். ஐரோப்பா முழுவதும் மருந்து நூல்களில் இது இடம்பிடித்தது. ஒரே நிபந்தனை, மருந்தைத் தேவைப்படும்போது புதிதாகத் தயாரிக்க வேண்டும். பல நாள் வைத்திருந்தால் அதன் பிடிப்பு குறைந்துவிடும். அதனால் மருந்துக்கடைக்காரர்கள் இரும்பு உப்பையும் மக்னீசியாவையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, நோயாளி வந்ததும் கலந்து கொடுப்பார்கள்.

சரி, துரு எப்படி விஷத்தைப் பிடிக்குது?

இதற்குப் பன்சன் வைத்திருந்த விளக்கம், இரும்பும் ஆர்சனிக்கும் வேதிவினை புரிந்து கரையாத ஒரு புதிய சேர்மமாக மாறுகின்றன என்பது. அன்றைய அறிவுக்கு அது நியாயமான விளக்கம். ஆனால் முழு விவரம் புரிய இன்னும் 70 ஆண்டுகள் ஆயின. 1904-ல் வில்ஹெல்ம் பில்ட்ஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இதே வினையை மறுபடி அளந்து பார்த்து, இங்கே பெரும்பாலும் நடப்பது பரப்புக் கவர்தல் என்று சொன்னார்.

உறிஞ்சுதல் வேறு, பரப்புக் கவர்தல் வேறு. ஸ்பாஞ்ச் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். கறுப்புச் சட்டையில் பூனை முடி ஒட்டிக்கொள்வது மாதிரி, மேற்பரப்பில் மட்டும் போய் ஒட்டுவது பரப்புக் கவர்தல். ஒட்டுவதற்கு இடம் வேண்டும் என்பதால் இதில் மேற்பரப்பின் அளவுதான் எல்லாமே.

புதிதாக உண்டான இரும்பு ஹைட்ராக்சைடின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்களின் கூட்டம். ஒரே ஒரு கிராமில் இருக்கும் துகள்களின் மேற்பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் 200 சதுர மீட்டரைத் தாண்டும். சென்னைக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட ஒரு கிரவுண்ட் நிலம், ஒரு கிராம் பொடிக்குள்.

அந்தப் பரப்பு முழுக்க ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நீரில் மிதந்து வரும் ஆர்சனிக் அந்தக் கொக்கியைத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் இரும்போடு நேரடியாகப் பிணைந்துகொள்ளும். லேசாக ஒட்டி உதிர்ந்துபோகும் உறவு இல்லை இது, வேதிப் பிணைப்பு. காலம் போகப்போக நுண்துகள்கள் ஒன்றுசேர்ந்து படிகமாக இறுகும்போது பரப்பு சுருங்கிவிடுகிறது. பழைய மருந்து வேலை செய்யாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

பரப்புக் கவர்தலைக் குறிக்கும் 'அட்சார்ப்ஷன்' என்ற சொல்லே 1881-ல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதாவது, அந்த நிகழ்வுக்கு ஒரு பெயர் கிடைப்பதற்கு 47 ஆண்டுகளுக்கு முன்பே பன்சன் அதை மருந்தாக்கிவிட்டார்.

கண் போன கதை

1836-ல் காசல் நகரத் தொழிற்கல்விக் கூடத்தில் பன்சனுக்கு வேலை கிடைத்தது. ஃப்ரீட்ரிக் வோலர் காலி செய்துவிட்டுப் போன இடம் அது. மூன்றாண்டுகள் கழித்து மார்பர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். இந்தக் காலத்தில்தான் அவர் ஆர்சனிக்கோடு இன்னும் நெருக்கமாக மோதினார்.

18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் லூயி கேடே என்பவர் தற்செயலாகத் தயாரித்த ஒரு திரவம் இருந்தது. காற்று பட்டாலே புகையும். தாங்க முடியாத நாற்றம். உள்ளே ஆர்சனிக். பல வேதியியலாளர்கள் அதன் பக்கமே போகாமல் இருந்தார்கள். பன்சன் ஆறு ஆண்டுகள் அதோடு உட்கார்ந்தார். அதிலிருந்து பிரித்தெடுத்த சேர்மக் குடும்பத்துக்குக் 'காகோடைல்' என்று பெயர் வந்தது. கெட்ட நாற்றம் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர்.

அந்தச் சேர்மங்களில் சில வறண்ட காற்றில் தானாகவே தீப்பற்றும். சிலவற்றின் ஆவியைக் கொஞ்சம் சுவாசித்தாலே தலை சுற்றி, கை கால் மரத்துப்போகும். மிக மோசமானதைக் கையாளும்போது பன்சன் திறந்த வெளியில் வேலை செய்தார். நீண்ட கண்ணாடிக் குழாய் வழியே தூரத்துக் காற்றைச் சுவாசித்துக்கொண்டார். இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் காகோடைல் சயனைடு ஒருமுறை வெடித்தது. கண்ணாடித் துண்டு பாய்ந்து வலது கண்ணின் பார்வை போனது. ஆர்சனிக் நஞ்சு உடம்பில் ஏறி, சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார்.

அவர் கண்டுபிடித்த இரும்பு மருந்தே அவரைக் காப்பாற்றியது என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும் கதை. ஆனால் அதை அப்படியே நம்பிவிட முடியாது. இரும்பு ஹைட்ராக்சைடு வயிற்றிலும் குடலிலும் கிடக்கும் ஆர்சனிக்கை மட்டும்தான் பிடிக்கும். மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போய், ரத்தத்தில் கலந்துவிட்ட நஞ்சைத் தேடிப்போய்ப் பிடிக்க அதனால் முடியாது. இன்றைய மருத்துவமனைகளில் ஆர்சனிக் விஷத்துக்கு வேறு வகை மருந்துகள் கொடுப்பதற்கும் இதுதான் காரணம்.

பன்சனின் மருந்துக்கு இருந்த பலவீனம் இது. நஞ்சு உடம்புக்குள் சேர்வதற்கு முன்னால் இரும்பு அதைச் சந்தித்தாக வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் பயன் இல்லை. அப்படியானால் அந்த மருந்துக்குச் சரியான இடம் வயிறே இல்லை. குடத்துக்கும் வாய்க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. இந்த இடத்துக்கு உலகம் வந்துசேர ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

காகோடைல் ஆராய்ச்சியால் பன்சனுக்கு ஐரோப்பா முழுக்கப் பெயர் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் கரிம வேதியியல் பக்கம் திரும்பவே இல்லை. பிற்காலத்தில் தன் ஆய்வகத்துக்குள் அந்தத் துறை ஆராய்ச்சியையே அனுமதிக்கவில்லை.

காப்புரிமை கேட்காத மனிதர்

அடுத்த ஆண்டுகளில் அவர் கை வைக்காத துறை குறைவு. 1841-ல் விலை உயர்ந்த பிளாட்டினத்துக்குப் பதிலாகக் கரியைப் பயன்படுத்தி மலிவான மின்கலம் செய்தார். இரும்பு உருக்கும் உலைகளிலிருந்து வெளியேறும் வாயுக்களை அளந்து, எரிபொருளின் வெப்பத்தில் பாதிக்கு மேல் வீணாகிறது என்று காட்டினார். 1846-ல் ஐஸ்லாந்துக்குப் போய், வெந்நீர் ஊற்றுகள் ஏன் விட்டுவிட்டுப் பீறிடுகின்றன என்று ஆராய்ந்தார்.

1852-ல் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே அவருக்காகப் புதிய ஆய்வகம் கட்டப்பட்டது. நகரத்துக்குப் புதிதாக வந்திருந்த எரிவாயுக் குழாய் ஆய்வகத்துக்கும் இழுக்கப்பட்டது. ஆனால் அன்றிருந்த வாயு விளக்குகள் புகைந்தன, சுடர் மஞ்சளாக எரிந்தது. வாயு எரிவதற்கு முன்பே காற்றோடு கலந்துவிட்டால் சுடர் சூடாகவும் நிறமின்றியும் இருக்கும் என்ற யோசனையைப் பன்சன் கொடுத்தார். பல்கலைக்கழகத்தின் கருவி செய்பவர் பீட்டர் டெசாகா அதை உலோகத்தில் வடித்தார். 1855 வாக்கில் பர்னர் தயார்.

இருவருமே காப்புரிமை எடுக்கவில்லை. அறிவியலில் கிடைத்ததை வைத்துப் பணம் பண்ணக் கூடாது என்பது பன்சனின் கொள்கை. மின்கலத்துக்கும் அவர் காப்புரிமை எடுக்கவில்லை. உலகம் முழுக்க ஆய்வகங்களில் அந்த பர்னர் சீக்கிரமே பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீருக்குள் ஒரு நீலக் கோடு

நிறமில்லாத சுடர் கிடைத்ததும் ஒரு புதிய வழி திறந்தது. சுடரில் உப்பைக் காட்டினால் மஞ்சள். தாமிரத்தைக் காட்டினால் பச்சை. ஆனால் இரண்டு மூன்று பொருள் கலந்திருந்தால் நிறம் குழம்பிவிடும். ஹைடெல்பெர்க்கில் உடன் வேலை செய்த இயற்பியலாளர் குஸ்டாவ் கிர்க்காஃப், அந்த ஒளியைப் பட்டகம் வழியாகப் பிரித்துப் பார்க்கலாமே என்றார். 1859-ல் இருவரும் நிறமாலைமானியை உருவாக்கினார்கள்.

ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய வண்ணக் கோடுகள் இருந்தன, கைரேகை மாதிரி. எவ்வளவு குறைவாக இருந்தால் தெரியும் என்பதையும் சோதித்தார்கள். சுமார் 60 கன மீட்டர் கொள்ளளவுள்ள அறையின் ஒரு மூலையில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டை வெடிக்கச் செய்துவிட்டு, இன்னொரு மூலையில் சுடரைப் பார்த்தார்கள். சில நிமிடங்களில் சோடியத்தின் மஞ்சள் கோடு தெரிந்தது. ஒரு மில்லிகிராமை 30 லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கையும் கண்டுபிடித்துவிடலாம் என்று கணக்கு வந்தது.

1860-ல் டர்க்ஹைம் ஊரின் கனிம ஊற்று நீரைப் பரிசோதித்தபோது, அதுவரை யாரும் பார்க்காத நீலக் கோடுகள் தெரிந்தன. புதிய தனிமம் ஒன்று உள்ளே இருக்கிறது என்று பன்சனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கையில் எடுத்துக் காட்ட வேண்டுமே. சுமார் 40 டன் நீரைக் காய்ச்சி வற்றவைத்த பிறகு மிஞ்சியது ஒரு சில கிராம்தான். அதுதான் சீசியம். அடுத்த ஆண்டே லெப்பிடோலைட் என்ற கனிமத்திலிருந்து ருபிடியம் கிடைத்தது.

ஒளியைப் பிரித்துப் படிக்க உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த இந்த மனிதர் அந்தக் கருவியை எட்டிப் பார்த்தது ஒரே ஒரு கண்ணால்.

இன்று குடிநீர்ப் பரிசோதனைக் கூடங்களில் ஈயம், காட்மியம், ஆர்சனிக் எவ்வளவு என்று அளக்கும் அணு உட்கவர் நிறமாலைமானி போன்ற கருவிகள் இந்தக் கண்டுபிடிப்பின் வாரிசுகள். நீரில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கவும் வழி கொடுத்தவர், இருந்தால் பிடிக்கவும் வழி கொடுத்தவர் ஒரே ஆள் என்பது வேதியியல் வரலாற்றில் அபூர்வம்.

கடைசி ஆண்டுகள்

பன்சன் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆய்வகமும் மாணவர்களும்தான் வாழ்க்கை. தனிம அட்டவணையைத் தந்த மெண்டலீவ் இளம் வயதில் ஹைடெல்பெர்க்கில் ஆய்வு செய்தவர். அதே அட்டவணைக்கு உரிமை கோரத்தக்க இன்னொருவரான லோதர் மேயர், இங்கிலாந்தின் ஹென்றி ராஸ்கோ ஆகியோரும் பன்சனிடம் பயின்றவர்கள். 1860-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது. 1877-ல் முதல் டேவி பதக்கத்தைக் கிர்க்காஃபோடு பகிர்ந்துகொண்டார்.

78 வயதுவரை பாடம் நடத்தினார். 1889-ல் ஓய்வு பெற்று, பழைய ஆசையான புவியியல் பக்கம் திரும்பினார். 1899 ஆகஸ்ட் 16 அன்று ஹைடெல்பெர்க்கில் இறந்தார். அதற்குள் அவர் பெயர் பர்னரோடு ஒட்டிவிட்டது. இரும்பு முறிமருந்து மெல்லப் பின்னுக்குப் போனது. வீட்டில் ஆர்சனிக் வைத்திருக்கும் பழக்கம் குறையக் குறைய, முறிமருந்துக்கும் தேவை இல்லாமல் போனது.

வங்கத்து மண்ணில் திரும்பி வந்த ஆர்சனிக்

ஆனால் ஆர்சனிக் போகவில்லை. வேறு பாதையில் வந்தது.

கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளின் கழிமுகத்தில் குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறந்துகொண்டிருந்த காலம் அது. 1970-களிலிருந்து அரசுகளும் உதவி அமைப்புகளும் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளைப் போட்டன. நிலத்தடி நீரில் கிருமி இல்லை என்பது உண்மை. ஆனால் அதில் ஆர்சனிக் இருக்குமா என்று யாரும் பார்க்கவில்லை. 1983-ல் மேற்கு வங்கத்தில் முதல் நோயாளிகள் அடையாளம் காணப்பட்டார்கள். உள்ளங்கையும் பாதமும் தடித்தன, தோலில் புள்ளிகள் விழுந்தன, பிறகு புற்றுநோய் வந்தது. வங்கதேசத்தில் நடந்ததை மனித வரலாற்றிலேயே ஒரு மக்கள் கூட்டத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய நச்சுப் பாதிப்பு என்று 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் பதிவு செய்தது.

அந்த ஆர்சனிக் எந்தத் தொழிற்சாலையும் கொட்டியது அல்ல. இமயமலைப் பாறைகளிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்தது. வரும்போது அது மணல்துகள் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடில்தான் ஒட்டிக்கொண்டு வந்தது. பன்சன் குவளையில் பார்த்த அதே பிடிப்பு. ஆனால் ஆழத்தில், ஆக்சிஜன் இல்லாத சேற்றில், நுண்ணுயிரிகள் அந்த இரும்பைக் கரைத்துவிடுகின்றன. பிடித்திருந்த கை கரைந்ததும் ஆர்சனிக் நீரில் இறங்கிவிடுகிறது.

அப்படியானால் தீர்வு என்ன? கிணற்றுக்கு மேலே, காற்றுள்ள இடத்தில், அந்த நீரை மறுபடி இரும்போடு சந்திக்க வைப்பது.

1990-களில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரும்பு ஹைட்ராக்சைடை மணி மணியாக உருவாக்கி, குழாயில் நிரப்பி, அதன் வழியே நீரைப் பாய்ச்சும் முறையை உருவாக்கினார்கள். வங்கதேசத்தில் பிறந்த வேதியியலாளர் அபுல் ஹுசாம், மணலும் கரியும் இரும்புக் கலவையும் அடுக்கிய, மின்சாரம் தேவைப்படாத வீட்டு வடிகட்டியைச் செய்தார். அதற்கு 2007-ல் 10 லட்சம் டாலர் மதிப்புள்ள கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு, நானோ அளவிலான இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடைக் கொண்டு 'அம்ரித்' என்ற தொழில்நுட்பத்தை உருவாக்கியது. பழசானால் பிடிப்பு குறையும் என்ற, பன்சன் காலத்து மருந்துக்கடைக்காரர்களைப் படுத்திய அந்தச் சிக்கலுக்கு இங்கே ஒரு வழி கண்டார்கள். இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற இயற்கைப் பாலிமர், நுண்துகள்களைப் பின்னிப் பிடித்து மணியாக வைத்திருக்கிறது. பிரதீப்புக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

துருவும் ஒருநாள் நிரம்பிடும்

இதெல்லாம் மாயமில்லை. பரப்புக் கவர்தலில் இடம் எவ்வளவோ அவ்வளவுதான் பிடிக்கும். எல்லாக் கொக்கிகளும் நிரம்பிவிட்டால் அதன் பிறகு ஆர்சனிக் அப்படியே கடந்துபோகும். பார்வைக்கு நீர் தெளிவாகவே இருக்கும் என்பதுதான் ஆபத்து. ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இந்தியத் தர அளவும் அதுவே. அந்த அளவை நாக்கோ மூக்கோ கண்டுபிடிக்காது.

நீரில் பாஸ்பேட்டும் சிலிக்காவும் அதிகம் இருந்தால் அவையும் அதே கொக்கிகளுக்குப் போட்டி போடும். ஒரு ஊரில் ஆறு மாதம் ஓடிய வடிகட்டி இன்னொரு ஊரில் சீக்கிரமே நிரம்பிவிடலாம். அமிலத்தன்மையும் ஒரு காரணி. ஆர்சனிக்கின் ஒரு வடிவத்தை லேசான அமில நீரில் இரும்பு நன்றாகப் பிடிக்கும். ஈயம், காட்மியம் போன்றவற்றுக்கு நேர்மாறாகக் கொஞ்சம் காரமான நீர் வசதி. எல்லா ஊருக்கும் ஒரே வடிகட்டி என்பது கிடையாது. நிரம்பிய இரும்பை எங்கே கொட்டுவது என்பதும் கேள்வி. அதைச் சேற்றுக் குழியில் போட்டால், கழிமுகத்தில் நடந்த கதை வீட்டுக் கொல்லையில் மறுபடி நடக்கும்.

கொதிக்க வைத்தால் ஆர்சனிக் போய்விடும் என்று நினைப்பதும் தவறு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆர்சனிக்கும் ஈயமும் அப்படியே இருக்கும். நீர் ஆவியானதால் செறிவு இன்னும் கொஞ்சம் கூடும். சாதாரணக் கேண்டில் ஃபில்டரும் கரைந்திருக்கும் உலோகத்தைத் தடுக்காது.

ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, எந்த இயந்திரம் வாங்கலாம் என்று தேடுவது அல்ல. நீரில் என்ன இருக்கிறது என்று பரிசோதனைக் கூடத்தில் பார்ப்பது. பிறகு அதற்கேற்ற வடிகட்டி. அது ஓடத் தொடங்கிய பிறகும், அவ்வப்போது வெளியே வரும் நீரைச் சோதிப்பது. பன்சன் தன் 23 வயதில் செய்ததும் இதே வரிசைதான். முதலில் நீரில் இருப்பதை அளந்தார். இரும்பைப் போட்டார். வடிகட்டிய பிறகு மறுபடி அளந்தார்.